டொக்கு போன இடம்

நாச்சிமுத்து கார்த் தகட்டில் அடித்து எடுத்த டொக்கு ஒழிந்து போகவில்லை. அடுத்த வீட்டுப் பித்தளைக் குடத்தில் போய் விழுந்துவிட்டது.

நடந்த கோளாறு இவ்வளவுதான். ஏன் நடந்தது, எந்தக் கிரகம் எங்கே நின்றது என்று கேட்கிறவர்கள் ஜோசியரிடம் போகலாம். மூணாவது வீதிக்காரர்கள் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு சோலி இருந்தது.

கோயமுத்தூர் பம்ப்செட் காலனி மூணாவது வீதியில் பதினெட்டு வீடு, ஒரு டீக்கடை, ஒரு மாரியம்மன். ஏழாவது வீட்டின் பின்புறம், முருங்கை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, சிமென்ட் அட்டை போட்ட கொட்டகையில் நாச்சிமுத்து உட்கார்ந்து எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான்களைச் செய்துகொண்டிருந்தார்: அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய கார்களின் மட்கார்டு, டிக்கிக் கீல், பெட்ரோல் டேங்கு, துரு தின்றுபோன கதவு விளிம்பு, ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பித்தளைப் பிடி, எல்லாம் கையால், தகட்டை வெட்டி, மணல் மூட்டைமேல் வைத்து, மரச்சுத்தியால் தட்டிக் குழித்து, அரத்தால் ராவி, உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுத் தடவிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத மேட்டைக் கை கண்டுபிடித்துச் சொல்ல, மறுபடியும் தட்டி. பம்பு கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் தகடு அடித்த கை. பேச்சு குறைவு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை போதும் என்பார். அதைச் சொல்லவே நாலைந்து வார்த்தை செலவாகிவிட்டதே என்று முகம் சுளிப்பார்.

அந்த வருஷம் சித்திரையில் வால்பாறை எஸ்டேட்டிலிருந்து தேவசகாயம் என்பவர் ஐம்பத்தாறாம் வருஷத்து மோரிஸ் மைனர் ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கொண்டை ஊசி வளைவில் உருண்டு தேயிலைக்குள் மூணு வருஷம் கிடந்த வண்டி. உடம்பெல்லாம் டொக்கு, தகட்டில் விழும் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் அதுதான் பேர்.

"ஆகஸ்ட் கடைசியில என் பொண்ணுக்குக் கல்யாணங்க. இந்த வண்டியிலதான் சர்ச்சுக்குப் போவேன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டிருக்கா. ஆகுங்களா?"

நாச்சிமுத்து வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். மாட்டை விலைக்குப் பார்க்கிறவர்போல முதுகைத் தடவினார்.

"ஆகும்."

அது வாக்கு.

முதலில் இடது மட்கார்டு. தேங்காய்த் தொட்டி அளவுக்கு ஒரு டொக்கு. காலை ஒன்பது மணி. வீதிக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அடுத்த வீட்டு அம்மாள் அங்கே ஒருத்தியோடு முறைக்கு நின்று பேசிக்கொண்டிருந்தாள். பேசுவது என்றால் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி தோற்கும். வீதியில் அவளுக்கு மைக்செட்டக்கா என்றே பேர், முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். புருசன் போய் எட்டு வருஷம், தனியாக இருந்தாள், அதனால் வீதியெல்லாம் அவள் வீடு. நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு நாலு தட்டுத் தட்டினார். டொக்கு எழும்பி, தகடு பால் ஆடைபோல ஆனது. குழாயடியில் 'ணங்' என்று ஒரு சத்தம்.

அரை நிமிஷத்தில் மைக்செட்டக்கா கொட்டகையில் நின்றாள்.

"ஏனுங் நாச்சிமுத்தண்ணா, என்ற குடத்த எதுக்கு அடிச்சீங்க?"

"நான் எதுக்கம்மிணி உன்ற குடத்த அடிக்கறேன்?"

அவள் பதில் சொல்லவில்லை, அதுவே அதிசயம். குடத்தைத் திருப்பி மட்கார்டுமேல் கவிழ்த்துக் காட்டினாள். தேங்காய்த் தொட்டி அளவு, தேங்காய்த் தொட்டி ஆழம். ஓரத்தில் பூனை மீசைபோல இருந்த கீறல்கூட அப்படியே குடத்தில் இருந்தது. நாச்சிமுத்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"அதேதான்," என்றார். குடத்தை வாங்கி மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டினார், குடம் சரியாகிவிட்டது. டீக்கடை சென்னியப்பன் பாய்லரைத் துணியால் பிடித்து இறக்கித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பாய்லரின் வயிற்றில் தேங்காய்த் தொட்டி அளவு டொக்கு, ஓரத்தில் பூனை மீசை.

சென்னியப்பன் பாய்லரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். டீ ஆற்றுகிறவனுக்கு யோசிக்க நேரம் உண்டு.

"அண்ணா, குடத்தத் தட்டறப்ப மனசுல என்ன நெனச்சீங்க?"

"டீ குடிக்கோணும்னு."

"அதுக்கு முந்தி, மட்கார்டத் தட்டறப்ப?"

நாச்சிமுத்து மைக்செட்டக்காவைப் பார்த்தார். பிறகு முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்ணா."

"இந்தம்மிணிக்குத் தொண்டையே வத்தாதான்னு."

"அட," என்றாள் மைக்செட்டக்கா. கோபப்பட வந்தவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அப்ப என்னையத்தான் நெனச்சிருக்கீங்க."

விஷயம் அங்கேயே தீர்ந்தது. சாப்பிடும்போது புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டிவிட்டு மறுபடியும் சோற்றில் கை வைக்கிற ஜனம். பாத்திரத்தில் டொக்கு விழுந்தால் நாச்சிமுத்து நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்வதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்? வைகாசி பிறப்பதற்குள் வீதி அதற்குப் பழகிவிட்டது, பழகியதோடு நிற்காமல் அதற்கு ஒரு முறையும் வைத்துக்கொண்டது: நல்ல பாத்திரம் கெட்டுப்போகக் கூடாது என்று ஆளுக்கொரு பழைய பவுடர் டப்பாவோ எண்ணெய் டின்னோ வீட்டுக் கேட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள், டீக்கடைக்குப் போகிற வழியில் நாச்சிமுத்து அவற்றைப் பார்க்கும்படி பார்த்துக்கொண்டார்கள், வீட்டை நினைத்தால் டப்பா நினைப்பு வரட்டும், டொக்கு டப்பாவில் விழட்டும் என்று. அப்படியே விழுந்தது. காலையில் கோலம் போட வருகிற பெண்கள் கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டே முதலில் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்கள், டொக்கு இருந்தால் 'நேத்து எங்கள நெனச்சிருக்காரு' என்று சொல்லிக்கொண்டார்கள், இரண்டு நாள் இல்லாவிட்டால் முகம் சுருங்கி, ஒரு கிண்ணம் ரசமோ நாலு பணியாரமோ கொட்டகைக்குக் கொடுத்தனுப்பினார்கள். மனுசன் தின்றால் நினைத்துத்தானே ஆகவேண்டும்.

சண்டையும் வந்தது, வராமல் இருக்குமா? சென்னியப்பன் பொண்டாட்டியின் காது ஜிமிக்கியில் மிளகு அளவு டொக்கு ஒன்று விழுந்த அன்றைக்கு, சென்னியப்பன் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து நின்றான்.

"என்ற பொண்டாட்டிய நீங்க எதுக்குண்ணா நெனைச்சீங்க?"

"நேத்து டீயில சக்கரை போட மறந்துட்டா."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன இருக்குது?"

அவன் சமாதானமாகிப் போனான். 'வேற என்ன இருக்குது'ன்னு கேட்டுட்டாரு என்று அவன் பொண்டாட்டி மூன்று நாள் நாச்சிமுத்துவின் டீயில் சர்க்கரையே போடவில்லை.

பத்தாம் வீட்டு ரிட்டயர்டு கம்பவுண்டர் பொன்னுரங்கத்தின் துயரம் வேறு மாதிரி. அவர் வீட்டு டப்பாவில் ஒரு டொக்குகூட விழவில்லை. தினமும் காலையில் டப்பாவைக் கழற்றிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "பத்தொம்பது வருசமா ஒரே வீதி. உங்க விரல்ல தகடு கிழிச்சப்ப ஆறு தையல் போட்டவன் நானு. ஒரு ஆளாத் தெரியலீங்களா?" என்று ஒரு நாள் கண் கலங்கவே கேட்டுவிட்டார். மறுநாள் வலது மட்கார்டிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு டொக்கு போய் அவருடைய பழைய ஊசி கொதிக்கவைக்கும் பெட்டியில் விழுந்தது. அதை அவர் முன்னறையில், காலண்டருக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

தூரமும் அதற்குக் கணக்கில்லை என்று தெரிந்தது. திருப்பூரில் இருந்த தம்பியை ஒரு நாள் நினைத்தார். தம்பி ஃபோன் பண்ணி, நிறுத்திவைத்த ஸ்கூட்டரின் முன் தகட்டில் கொய்யாப்பழம் அளவு டொக்கு என்றான். "நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டு நாச்சிமுத்து வைத்துவிட்டார். அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஒரே ஒரு வீட்டில் டப்பா கட்டவில்லை. அது நாச்சிமுத்துவின் சொந்த வீடு.

அவர் சம்சாரம் துளசிமணியின் சமையலறையில் எவர்சில்வர் எல்லாம் கண்ணாடிபோல இருந்தது. ஒரு டொக்கு கிடையாது. குழாயடியில் பெண்கள் கேட்காமல் விடுவார்களா?

"ஏன் துளசி, ஊரெல்லாம் நெனைக்கறாரு, உன்னைய நெனைக்கறதில்லியா?"

"வூட்டுல இருக்கறத எதுக்குங்க்கா நெனைக்கோணும்? தூரத்துல இருந்தாத்தான் நெனைப்பு," என்று துளசிமணி சிரித்துக்கொண்டே சொன்னாள். நல்ல பதில்தான். ஆனால் கொட்டகையில் சுத்திச் சத்தம் ஓய்ந்ததும் அவள் சமையலறைக்குப் போய்ச் சொம்பு, தட்டு, தூக்குப்போசி, காப்பி ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்; எல்லாவற்றிலும் அவள் முகமே வழவழவென்று தெரிந்தது; வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். மாசக்கணக்கில் இப்படி.

ஆடி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ரேசன் கடை வரிசையில் நின்றிருந்த துளசிமணி தலை சுற்றி விழுந்தாள். மைக்செட்டக்கா அவளை அள்ளி ஆட்டோவில் போட்டு, வழியில் வந்த வண்டியெல்லாம் ஒதுங்கும்படி ஆட்டோவுக்கு அவளே ஹாரனாகி, பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நெஞ்சு துடிப்பு விட்டு விட்டு அடிக்கிறது என்றார் டாக்டர். இடது காறை எலும்புக்குக் கீழே தோலை அறுத்து, தீப்பெட்டி அளவில் ஒரு மிஷினை உள்ளே வைத்துத் தைத்தார். இனி இது பார்த்துக்கொள்ளும் என்றார்.

நாலு நாள் துளசிமணி ஆஸ்பத்திரியில் இருந்தாள். ராத்திரித் துணைக்கு மைக்செட்டக்கா இருந்தாள், பெண்கள் வார்டில் ஆண்களை விடமாட்டார்கள். நாச்சிமுத்து பகலில் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தாளிக்கிற சத்தம் இல்லை, பாத்திரம் உருள்கிற சத்தம் இல்லை, 'சாப்பிட வாங்க' இல்லை. சத்தம் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் கொட்டகைக்குப் போனார், சுத்தியை எடுத்தார், மோரிஸின் கூரையில் இருந்த பதினோரு டொக்கையும் ஒன்றுவிடாமல் தட்டி எடுத்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஐந்தாம் நாள் துளசிமணி வீட்டுக்கு வந்து சமையலறைக்குள் நுழைந்தாள். நின்றாள். சொம்பில் டொக்கு. தூக்குப்போசியில் டொக்கு. இட்டிலிச் சட்டியில், டம்ளரில், கரண்டிக் குழியில், சாப்பாட்டுத் தட்டில், காப்பி ஃபில்டரின் மூடியில்கூட. ஒவ்வொன்றாக எடுத்தாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள், டொக்கு வெளியே தெரிகிற மாதிரி அலமாரியில் அடுக்கினாள். பிறகு அந்த ஃபில்டரிலேயே காப்பி இறக்கி, அந்த டம்ளரிலேயே ஊற்றி, கொண்டுபோய் நீட்டினாள். நாச்சிமுத்து டம்ளரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், காது சிவந்தது.

"காப்பி நல்லாருக்குது," என்றார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அத்தோடு எல்லாம் சுகமாக இருந்திருக்கும். நலம் விசாரிக்க வந்த கம்பவுண்டர் பொன்னுரங்கம், நாலு முறுக்கைத் தின்றுவிட்டு, தண்ணீர் குடிக்கிற இடைவெளியில் கேட்டார்:

"ஏம்மா துளசி, உள்ள வெச்சிருக்கற மிஷினுக்கு மேல மூடி எதுல? தகடுதானே? ஒடம்புக்குள்ள இருந்தாலும் தகடு தகடுதானே?"

கெட்ட மனுசன் இல்லை. வாய் அப்படி.

நாச்சிமுத்து எழுந்து சமையலறைக்குப் போனார். டொக்குகளை எண்ணினார். பதினொன்று இருந்தது. மறுபடியும் எண்ணினார். பதினொன்று. அன்றைக்கு அவர் நினைத்தது சத்தமில்லாத சமையலறையை, அதனால் மிஷின் தப்பித்தது. இன்றைக்கு அவர் நினைப்பெல்லாம் அந்தத் தீப்பெட்டியில் இருந்தது: அடிக்கிறதா, நிற்கிறதா, இப்போது அடிக்கிறதா? உண்ணும்போதும் அதே நினைப்பு, பல் விளக்கும்போதும் அதே நினைப்பு. கொட்டகைக்குப் போய் சுத்திகளை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினார்.

மோரிஸில் மிச்சம் இருந்தது ஒரே டொக்கு. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு. பாறையில் மோதிய இடம். ஒரு குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரியது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்.

வீதி சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். துளசிமணியை உடுமலையில் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள்; அவள் பஸ் ஏறியதுமே நாச்சிமுத்துவுக்கு நினைப்பு இரண்டு பங்காகிவிட்டது, சாயங்கால பஸ்ஸிலேயே திருப்பி வரவழைத்தார்கள். மாரியம்மன் கோயில் உருமியை வரவழைத்துக் கொட்டகை வாசலில் அடித்தார்கள். உருமிச் சத்தமும் நெஞ்சு துடிப்பு மாதிரியே இருக்கிறது என்று அவர் எழுந்து போய்விட்டார். புதுத் தகட்டில் கதவு செய்துவிடலாமே என்றான் சென்னியப்பன். "அடிச்சு எடுக்கக் கூடிய தகட்ட வெட்டி எறியறவன் தகட்டுக்காரனா?" என்றார். வேறு ஆளை விட்டு அடிக்கலாமே என்றார் கம்பவுண்டர். நாச்சிமுத்து பார்த்த பார்வையில் அவர் வீட்டுக்குப் போய் அந்த ஊசிப் பெட்டியை ஒருமுறை தடவிக்கொண்டார்.

ஆறு நாள் போனது. அடிக்காத கை வீங்குமாம். நாச்சிமுத்துவின் கை வீங்கியது. சோறு இறங்கவில்லை. கன்னத்தில் டொக்கு விழுந்தது, அதை யாரும் எடுத்து எங்கும் அனுப்ப முடியாது. வீதியில் டப்பாக்கள் காற்றில் சும்மா ஆடின. துளசிமணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் தட்டை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"என்ற நெஞ்சுல மிஷின் அடிச்சுட்டிருக்குது. உங்க கைதான் நின்னு போச்சு. இதுக்கா என்னைய அறுத்துத் தெச்சாங்க?"

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு மைக்செட்டக்கா ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கொட்டகை வாசலில் போட்டு, கழற்றிச் சாத்திவைத்த கார்க் கதவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங் நாச்சிமுத்தண்ணா. உங்க முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சி என்ற கொடித் துணியில ஏறுது. நீங்க வெட்டறீங்களா, நான் வெட்டட்டா?"

"கீரை பறிக்கறப்ப பூச்சி தெரியலியா அம்மிணி?"

"கீரையா அது? ஆடு மோந்து பாத்துட்டு அக்கட்டால போகுது."

"பத்து வருசமாப் பறிச்சியே."

"பாவம்னு பறிச்சேன். யாரும் பறிக்கலீன்னா உங்களுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு." அவள் காலை நீட்டிக்கொண்டாள். "அது கெடக்குது. இதென்ன, வாணாச்சட்டியா, கதவா? ஆறு நாளா இப்படியே சாத்தி வெச்சிருக்கீங்க. கை நடுங்குதுங்களா?"

"யாருக்கு?"

"வயசானா நடுங்கறதுதானுங். சொல்றதுக்கு என்ன வெக்கம்? நம்ம சென்னியப்பனக் கூப்பிடுங், கல்லுல மாவு தட்டற கை, அவனே ரெண்டு தட்டுத் தட்டிருவான்."

நாச்சிமுத்து பெட்டியைத் திறந்தார். எண்ணெய்த் துணியைப் பிரித்தார். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஒரு தட்டு. கதவின் ஓரத்தில் தகடு முனகியது.

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலைகள் முளைத்தன. கம்பவுண்டர் வாயைத் திறக்கப் போனார்; சென்னியப்பன் அவர் வாயைப் பொத்தினான்.

"அடேங்கப்பா, சத்தம் வருது," என்றாள் மைக்செட்டக்கா. "இத்தனை சத்தம் போட்டு என்ன? அந்த டிக்கிக் கீல் கோணலாத்தான இருக்குது."

சுத்தி நின்றது.

"எது?"

"நீங்க செஞ்ச கீல்தானுங். வலதுபக்கம். ஒரு நூல் கோணல்."

"அளந்து பாத்தியா?" தட்டு.

"மாட்டுக்கொம்பு கோணல்னு அளந்துட்டா சொல்லுவாங்க?"

"உனக்குத் தகட்டப் பத்தி என்ன தெரியும்?" தட்டு.

"தகடு தெரியாது. கோணல் தெரியும். அந்தக் கூரையும் சோடை. மழை பேஞ்சா பொண்ணு மேல ஒழுகும். பொண்ணு நனைஞ்சுட்டே போயி மோதிரம் மாத்தோணும்!"

தட்டு, தட்டு, தட்டு. டொக்கின் ஓரங்கள் எழுந்தன, பள்ளம் அண்டா அளவிலிருந்து சட்டி அளவானது. நாச்சிமுத்துவின் நெற்றி நரம்பு புடைத்து, கண்ணில் அவளைத் தவிர வேறு எதுவும் இல்லாமல், கை மட்டும் பழைய ஞாபகத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவிலிருந்து அடிக்காமல் ஓரத்திலிருந்து சுற்றி வந்து அடித்தது, எங்கே மெல்ல, எங்கே ஓங்கி என்று கையே பார்த்துக்கொண்டது.

அப்போது வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது.

சுத்தி பாதி உயரத்தில் நின்றது. நாச்சிமுத்துவின் தலை சமையலறைப் பக்கம் திரும்பியது, முகம் இளகத் தொடங்கியது. சுவருக்கு மேலே இருந்த தலைகள் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டன. மைக்செட்டக்கா நாற்காலியை எட்டி உதைத்துக்கொண்டு எழுந்தாள், பதினெட்டு வீட்டு டப்பாக்களும் அதிரும்படி கத்தினாள்:

"பம்பு கம்பெனில உங்களத் தகடு அடிக்கவா வெச்சிருந்தாங்க? டீ வாங்கிட்டு வரத்தான் வெச்சிருந்தாங்கன்னு ஊரே சொல்லுது!"

நாச்சிமுத்து ஓங்கி அடித்தார். அப்படி ஓர் அடியை அவர் முப்பத்துநாலு வருஷத்தில் அடித்ததில்லை. தகடு 'தொம்' என்று எழுந்து நின்றது. அடுத்த வீட்டுக்குள் எதுவோ இடி விழுந்ததுபோல் 'டமார்' என்றது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நாச்சிமுத்து கதவைப் பார்த்தார். உள்ளங்கையை வைத்துத் தடவினார். மேடு இல்லை, பள்ளம் இல்லை. அப்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. சுத்தியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார்.

"துளசி!"

அவள் குக்கர் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்னுங்க?"

"மிஷின்..."

"அது பாட்டுக்கு அடிச்சுட்டுக் கெடக்குது. பருப்பு வெந்திருச்சு. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கொட்டகைக்குத் திரும்பி வந்தார். மைக்செட்டக்கா தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்று, சொம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சொம்பு பல்லில் இடித்துக் கடகடவென்று ஆடியது. பாதித் தண்ணீர் கழுத்தில் ஓடியது. அவள் பயந்து அவர் பார்த்ததில்லை.

நாச்சிமுத்து அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"கீல் கோணலா அம்மிணி?"

"இல்லீங்ணா." குரல் கட்டிப்போய், காற்று மட்டும் வந்தது. "நேராத்தான் இருக்குது."

டொக்கு போன இடத்தைப் பார்க்க வீதியே அவள் வீட்டுக்குள் புகுந்தது. பெரிய இரும்பு பீரோ, கல்யாணச் சீராக வந்தது. அதன் கதவு உள்ளே குழிந்து ஒரு குளியல் தொட்டி ஆகியிருந்தது. கதவில் பதித்த கண்ணாடி உடையவில்லை, அதுவும் கூடவே குழிந்துவிட்டது, எதிரே நின்றால் ஆள் தலைகீழாகத் தெரிந்தது. கம்பவுண்டர் மூணு தடவை நின்று பார்த்தார். கதவு மட்டும் திறக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. புடவை, பத்திரம், ரேசன் கார்டு எல்லாம் உள்ளே.

"நான் அடிச்சு எடுத்துத் தர்றேன்," என்றார் நாச்சிமுத்து.

"எடுத்து எங்க அனுப்புவீங்க?" என்று காற்றுக் குரலில் கேட்டாள் அவள். "கெடக்கட்டும் போங்."

கல்யாணத்துக்கு அவள் துளசிமணியின் பட்டைக் கட்டிக்கொண்டு போனாள். குரல் திரும்பிவிட்டது, வால்பாறை மலை அதைக் கேட்டது.

அதற்கு இரண்டு நாள் முந்தி, பெயின்ட் அடித்துக் காய்ந்த கதவை நாச்சிமுத்து பலகைமேல் கவிழ்த்துப் போட்டார். உள்பக்கம் தோல் உறை ஏறவேண்டியதுதான் பாக்கி. கூர்முனை உளியை எடுத்தார். கல்யாணப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி, சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்து வைத்தார். துளசிமணி மோர் கொண்டுவந்தாள்.

"வண்டிக்காரர் பேரா?"

"வேலைய முடிச்ச ஆளு பேரு."

அவள் குனிந்து படித்தாள். வீதியில் யாரும் கூப்பிடாத பேர்; ரேசன் கார்டில் மட்டும் இருந்து, அந்தக் கார்டும் இப்போது பீரோவுக்குள் மாட்டிக்கொண்ட பேர்: பூவாத்தாள்.